ஒரு தொண்டை, இரண்டு பெண்கள்

1995ஆம் ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் இரண்டு பெண்கள் அறிமுகமானார்கள். ஏப்ரலில் டிவி டோக்கியோ அலைவரிசையில் தொடங்கிய ‘ஸ்லேயர்ஸ்’ தொடரின் லினா இன்வர்ஸ் ஒருத்தி. ஊர் ஊராகத் திரியும் மந்திரக்காரி. கொள்ளைக்காரர்களிடமே கொள்ளையடிப்பவள். சாப்பாட்டு மேசையில் பக்கத்துத் தட்டிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தின்பவள். கோபம் வந்தால் மலையைத் தகர்த்துவிட்டு அதன்பிறகுதான் யோசிப்பாள். அக்டோபரில் அதே அலைவரிசையில் வந்த ‘நியோன் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்’ தொடரின் ரெய் அயனாமி இன்னொருத்தி. பதினான்கு வயது. போர் இயந்திரத்தை இயக்கும் வேலை. உடம்பெல்லாம் கட்டுப் போட்ட நிலையில் தள்ளுகட்டிலில் கிடத்திக் கொண்டுவரப்படுகிறாள். கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பேசமாட்டாள்.

இரண்டு பெண்களுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே. மெகுமி ஹயாஷிபரா. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. அனிமே உலகில் அவர் அறியாத உயரமில்லை. ‘ஸ்லேயர்ஸ்’ தொடரின் முகப்புப் பாடல்களைப் பாடியதும் அவர்தான். ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அவருடைய சாதனைப் பட்டியலுக்காக அல்ல. ஆண்கள் எழுதிய, ஆண்கள் வரைந்த, ஆண்கள் இயக்கிய பெண்ணுருவங்களுக்குள் ஒரு பெண்ணின் மூச்சு நுழையும்போது என்ன நடக்கிறது? அந்தக் குரல் யாருடையது? அந்தக் குரலை விற்று வாழும் பெண்ணுக்கு அதில் எவ்வளவு பங்கு? இந்தக் கேள்விகளோடு அவருடைய தொழில் வாழ்க்கையைப் படிக்க முயல்கிறேன்.

ஜப்பானிய மொழியில் குரல் நடிகர்களை ‘செய்யூ’ என்கிறார்கள். வானொலி நாடகத்தில் வேரூன்றி, வெளிநாட்டுத் தொடர்களின் மொழிமாற்றத்தில் வளர்ந்து, அனிமேவில் தழைத்த தொழில் அது. அதன் வரலாற்றைப் பெண்களை விட்டுவிட்டு எழுதவே முடியாது. 1963இல் ஒளிபரப்பான ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரில் இயந்திரச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவர் மாரி ஷிமிஸு என்ற பெண். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் பிரசவத்துக்காக விலகியிருந்தார். அந்த நாள்களின் அத்தியாயங்களில் வேறொரு நடிகை பேசினார். பிறகு ஷிமிஸு திரும்பி வந்து அதே சிறுவனாகப் பேசினார். ஜப்பானின் முதல் பெரும் அனிமே நாயகனுக்குப் பின்னால் ஒரு பிரசவ விடுப்பு இருக்கிறது என்பதை எந்தச் சுவரொட்டியும் காட்டாது. 1936இல் பிறந்த மசாகோ நொஸாவா 1986இல் ‘டிராகன் பால்’ தொடரின் கோக்கு என்ற சிறுவனானார். கோக்கு வளர்ந்து, மணமாகி, தகப்பனான பிறகும் அந்தக் குரல் அவருடையதே. கோக்குவின் மகன்களுக்கும் அவரே பேசினார்.

இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. சிறுவர்களை இரவு நேர ஒலிப்பதிவுக்கு வைத்திருக்க முடியாது. தொடர் நீண்டால் பையனின் குரல் உடைந்துவிடும். பெண்ணின் குரல் உடையாது. ஒரு தயாரிப்பாளரின் வசதிக்காகத் திறந்த வாசல்தான். ஆனாலும் அந்த வாசல் வழியே போனவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. திரை நடிகைக்கு நாற்பது வயதில் அம்மா வேடமும் ஐம்பதில் பாட்டி வேடமும் என்று உலகமெங்கும் எழுதாத சட்டம் இருக்கும்போது, மைக்கின் முன்னால் நின்ற பெண் ஐம்பது வயதில் வால் முளைத்த சிறுவனாகப் பறந்தாள். முகம், இடை, தோல் எதையும் யாரும் கேட்கவில்லை.

கூலியைப் பற்றியும் யாரும் கேட்காமல் இருந்ததுதான் மறுபக்கம். 1973 ஆகஸ்டில் குரல் நடிகர்கள் ஒருநாள் வேலையை நிறுத்தி, டோக்கியோவின் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். ஊதியம் உயர்ந்தது அதன்பிறகுதான். அனிமேவின் பொற்காலம் என்று பேசுபவர்கள் இந்த ஊர்வலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஹயாஷிபரா 1967இல் டோக்கியோவில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடித்ததும் அவர் சேர்ந்தது செவிலியர் பயிற்சியில். அதே காலத்தில் குரல் நடிப்புப் பயிற்சி வகுப்புக்கும் தேர்வாகி, இரண்டையும் விடாமல் படித்தார். செவிலியர் தகுதியையும் பெற்றார். அன்று ஜப்பானிய மொழியில் செவிலியரைக் குறித்த ‘கங்கோஃபு’ என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கே பெண் என்றுதான் பொருள். அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீங்கிப் பொதுப்பாலுக்கு மாறியது 2002இல். ஒரு பெண்ணுக்குப் ‘பாதுகாப்பானது’ என்று வீடு ஒப்புக்கொள்ளும் வேலைகள் எவை என்பது நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பையும் கைக்குள் வைத்துக்கொண்டு, நிச்சயமில்லாத இன்னொரு தொழிலையும் பிடித்துப் பார்த்த பெண்ணாகத்தான் நான் இந்த இருபது வயதுக்காரியைப் பார்க்கிறேன்.

அவருடைய முதல் குரல் ஒலித்தது 1986இல், ருமிகோ தகாஹாஷியின் ‘மேசொன் இக்கோக்கு’ தொடரின் சின்னச்சின்ன வேடங்களில். அந்த ஏப்ரலில்தான் ஜப்பானில் சம வேலைவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பெண்களைச் சமமாக நடத்த முதலாளிகள் ‘முயல வேண்டும்’ என்று மட்டுமே அது கேட்டது. அந்த ‘முயற்சி’ கட்டாயமாக மாற 1990களின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலுவலகங்களில் பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், சித்திரக்கதை உலகில் தகாஹாஷி என்ற பெண் தன் கதைகளால் வாரப் பத்திரிகைகளின் விற்பனையைத் தாங்கிக்கொண்டிருந்தார். ஹயாஷிபராவின் முதல் பெரிய வாய்ப்பும் அவருடைய கதையிலிருந்தே வந்தது.

1989இல் தொடங்கிய ‘ரன்மா ½’ தொடரின் நாயகன் ரன்மா மீது குளிர்ந்த நீர் பட்டால் பெண்ணாவான். வெந்நீர் பட்டால் ஆணாவான். ஆண் ரன்மாவுக்கு கப்பேய் யாமாகுச்சி, பெண் ரன்மாவுக்கு ஹயாஷிபரா. பெண் உடம்பில் இருக்கும்போதும் ரன்மா தன்னை ஆணாகவே நினைப்பவன். ஆகவே நடிகைக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது: பெண்ணின் குரலில் ஆணின் திமிர். தேவைப்படும்போது அதே வாய் ஐஸ்கிரீமுக்காகக் கொஞ்சி, கடைக்காரரை ஏமாற்றவும் செய்யும். பெண்மை என்பது தேவைக்கேற்ப எடுத்து மாட்டிக்கொள்ளும் குரல்தான் என்பதைக் கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதை வாராவாரம் சிறுபிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் செய்து காட்டியது அந்தக் குரல்.

அதே தொடரின் ஐந்து குரல் நடிகைகளைச் சேர்த்து ‘டோகோ’ என்ற பாடல் குழுவை உருவாக்கினார்கள். ஹயாஷிபராவும் அதில் ஒருவர். பாட்டு எப்படி இந்தத் தொழிலுக்குள் வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். முன்பு முகப்புப் பாடலைப் பாடுகிறவர் ஒருவர், பாத்திரத்துக்குப் பேசுகிறவர் ஒருவர் என்பதே வழக்கம். 1969இல் பன்னிரண்டு வயதில் அனிமே பாடகியாக அறிமுகமான மிட்சுகோ ஹோரியே அந்த எல்லையைத் தாண்டிய முன்னோடிகளில் ஒருவர். 1976இல் ‘கேண்டி கேண்டி’ முகப்புப் பாடல் அவரை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. 1980இல் ‘லாலாபெல்’ என்ற மந்திரச் சிறுமிக்குக் குரலும் அவரே, பாட்டும் அவரே.

ஹோரியே பாடகியாக இருந்து நடிகையானவர். ஹயாஷிபரா நடிகையாக இருந்து பாடகியானவர். ‘ஸ்லேயர்ஸ்’ முதல் தொடரின் முகப்புப் பாடலை அவர் மசாமி ஒகுயியுடன் சேர்ந்து பாடினார். அடுத்தடுத்த தொடர்களில் தனியாகப் பாடினார். 2001இல் தொடங்கிய ‘ஷாமன் கிங்’ தொடரில் அன்னாவுக்குப் பேசியதோடு முகப்புப் பாடல்களையும் பாடினார். மெகுமி என்ற தன் முதற்பெயரை மட்டும் இட்டுப் பல பாடல்களைத் தானே எழுதினார். நான் இதை முக்கியமாகக் கருதுகிறேன். பாத்திரத்தின் வசனம் வேறொருவர் எழுதியது. பாட்டில் அந்தக் குரலுக்குச் சொந்தச் சொற்கள் கிடைத்தன.

ஆனால் பாட்டு வந்தால் மேடை வரும். மேடை வந்தால் முகம் வரும். குறுந்தகடு வாங்குகிறவருக்கு அட்டையில் ஒரு படம் வேண்டும். குரலுக்குள் ஒளிந்து வயதையும் உடலையும் கடந்த பெண்களை, 1990களின் சந்தை மறுபடி உடலோடு சேர்த்துக் கட்டியது. இளமை, புன்னகை, உடை, ரசிகர்களுக்குக் கைகொடுக்கும் நிகழ்ச்சி என்று குரல் நடிகையும் ஒரு ‘ஐடல்’ ஆக்கப்பட்டாள். அந்த வழியில் சென்று உச்சம் தொட்டவர்களையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நானா மிசுக்கி 2009இல் ஆண்டிறுதியின் புகழ்பெற்ற ‘கோஹாக்கு’ இசை நிகழ்ச்சியில் பாடினார். 2011இல் டோக்கியோ டோம் அரங்கத்தில் பாடினார். அது அவருடைய உழைப்பின் வெற்றி. ஹயாஷிபராவின் பாதை வேறு. 1992இல் அவர் தொடங்கிய ‘டோக்கியோ பூகி நைட்’ வானொலி நிகழ்ச்சி முப்பது ஆண்டுகளைக் கடந்தும் வாராவாரம் தொடர்ந்தது. தன் பெயரில் முதல் தனி இசை நிகழ்ச்சியை அவர் நடத்தியது 2017இல், ஐம்பது வயதில். அத்தனை ஆண்டுகளும் ரசிகர்கள் அவரைச் சந்தித்த இடம் வானொலி. அங்கே பாத்திரமில்லை, முகமில்லை. ஒரு பெண் தன் குரலில், தன் பெயரில் பேசிக்கொண்டிருந்தாள்.

இனி அந்த இரண்டு பெண்களிடம் திரும்பலாம். லினா இன்வர்ஸ் இருந்த கதையுலகில் வாளெடுத்த வீரன் நாயகனாகவும் மந்திரக்காரி துணையாகவும் இருப்பதே மரபு. இங்கே வாள்வீரன் கவ்ரி நல்லவன், மூளை குறைவு. வழி காட்டுகிறவள் லினா. அவளுடைய சிறிய மார்பைப் பற்றிய கேலி தொடர் முழுக்க வருகிறது. அந்தக் கேலியை எழுதியவர்களின் பார்வையை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கேலி செய்தவன் அடுத்த நொடியில் கருகிப்போவான். அந்த நொடியில் ஹயாஷிபராவின் குரல் எழுப்பும் கத்தலில் அழகாக ஒலிக்க வேண்டும் என்ற கவலை துளியும் கிடையாது. தொண்டை கிழியக் கத்துகிற, வாய் நிறையச் சோற்றோடு பேசுகிற பெண்குரலை ஒரு சமூகம் எவ்வளவு அரிதாகக் கேட்கிறது என்று யோசித்தால் அதன் மதிப்பு புரியும்.

ரெய்யின் கதை சிக்கலானது. அவள் பிரதிகளாக உருவாக்கப்பட்டவள். ஒருத்தி இறந்தால் தொட்டியிலிருந்து இன்னொருத்தி வருவாள். நாயகனின் இறந்துபோன தாயின் சாயல் அவளுக்கு. தகப்பனுக்கு இழந்த மனைவியின் நிழல், மகனுக்குத் தாயும் காதலியும் கலந்த புதிர். தனக்கென்று அவளிடம் இருப்பது வெறுமையான ஓர் அறையும் இரத்தக்கறை படிந்த கட்டுத்துணிகளும்தான். ஆண் கற்பனை தேடும் பேசாத பெண்ணின் முழு வடிவம் அவள். பொம்மையாகவும் படமாகவும் அவளை விற்றுக் குவித்தார்கள். அவளுக்குப் பின் உணர்ச்சியற்ற குரலில் பேசும் பெண்கள் அனிமேவில் வரிசையாக வந்தார்கள். 1996இன் ரூரி ஹோஷினோ, 2006இன் யூக்கி நகாதோ என்று அந்த வரிசை நீளும்.

சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கும்போது நான் மாணவிகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. தலைவி கூற்று என்று குறிப்பிருக்கிறது; பாடியவர் கபிலர். அப்படியானால் பேசுவது யார்? பெண்ணின் வாயில் ஆண் வைத்த சொல்லை எப்படிப் படிப்பது? ரெய்யைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேள்வி ஒரு படி கூடுதலாகிறது. ஏட்டில் தலைவிக்கு எழுத்து மட்டுமே இருக்கிறது. ரெய்க்கோ, எழுதிய சொல்லுக்கும் கேட்கிற காதுக்கும் நடுவில் உயிருள்ள ஒரு பெண் நிற்கிறாள். சொல்லை அவள் மாற்ற முடியாது. எங்கே மூச்சை நிறுத்துவது என்பது அவள் கையில் இருக்கிறது.

ரெய்க்கு உணர்ச்சிகள் இல்லை என்பதல்ல, அவை என்னவென்று அவளுக்குத் தெரியாது என்பதே இயக்குநர் ஹிதேயாக்கி அன்னோவின் விளக்கமாக இருந்தது என்று ஹயாஷிபரா சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்த நடிப்பு. இயந்திரக் குரலில் பேசிவிடுவது எளிது. ஹயாஷிபராவின் ரெய்யில் ஒவ்வொரு சொல்லும் முதன்முறையாகக் கையிலெடுத்துப் பார்க்கப்படுவதுபோல் ஒலிக்கிறது. அவரைப் போலச் செய்தவர்கள் பலருக்குத் தட்டையான ஓசை பிடிபட்டது. இந்தத் தயக்கம் பிடிபடவில்லை. 1997இன் திரைப்படத்தில், தன்னை உருவாக்கிப் பயன்படுத்திய மனிதரை ரெய் மறுத்துவிட்டுப் போகிறாள். அவள் போவது அவருடைய மகனிடம்தான் என்பதில் கதையின் ஆண்பார்வை தெரிகிறது. என்றாலும் அந்த மறுப்பைக் கேட்டு அதிர்ந்தவர்கள், இரண்டு ஆண்டுகளாக அந்தத் தாழ்ந்த குரலுக்குள் அது சேர்ந்துகொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்திருப்பார்கள்.

இவாஞ்சலியனின் நிறைவுப் படம் 2021 மார்ச் 8 அன்று, பெண்கள் தினத்தில் வெளியானது. தற்செயல்தான். அதில் ரெய்யின் பிரதி ஒருத்தி பேரழிவில் தப்பிய ஒரு கிராமத்தில் வந்து சேர்கிறாள். வயதான பெண்களோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள். காலை வணக்கம், நன்றி என்று மனிதர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். தொடர் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பாத்திரத்துக்குக் கிடைக்காத பெண்களின் தோழமை அந்த வயலில் கிடைக்கிறது. குரல் சுருதி மாறவில்லை. அதன் கதகதப்பு மட்டும் மிகமிக மெல்லக் கூடுகிறது. ஐம்பதைக் கடந்த ஒரு நடிகையால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பேசிய பெண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1997 முதல் ‘போக்கிமான்’ தொடரில் எப்போதும் தோற்கும் வில்லி முசாஷி. ஆங்கில வடிவில் பார்த்தவர்களுக்கு அவள் ஜெஸ்ஸி. அவள் ஒருகாலத்தில் செவிலியர் பள்ளியில் சேர்ந்து தேர்ச்சி பெறாமல் போனவள் என்று ஒரு அத்தியாயம் சொல்கிறது. பேசியவரோ தேர்ச்சி பெற்றவர். 1998இல் ‘கௌபாய் பீபாப்’ தொடரின் ஃபே வாலண்டைன்; கடனும் மறதியும் சுமந்து, யாரிடமும் இரக்கம் கேட்காதவள். ‘டிடெக்டிவ் கோனன்’ தொடரின் அய் ஹைபரா. விஷத்தால் சிறுமியாகச் சுருங்கிய விஞ்ஞானி. அவளுடைய பெயரை உருவாக்கியவர், பி. டி. ஜேம்ஸ், சாரா பரெட்ஸ்கி என்ற இரண்டு பெண் எழுத்தாளர்கள் படைத்த பெண் துப்பறிவாளர்களின் பெயர்களிலிருந்து எடுத்தார். ஹைபராவை மையமாக வைத்த 2023ஆம் ஆண்டுத் திரைப்படம்தான் அந்த வரிசையில் 1,000 கோடி யென் வசூலைக் கடந்த முதல் படம். 2004இல் ஹயாஷிபரா ஒரு மகளுக்குத் தாயானார். இரண்டு ஆண்டுகள் கழித்து சதோஷி கோனின் ‘பாப்ரிகா’ படத்தில், அடக்கமான மனநல மருத்துவராகவும் கனவுக்குள் துள்ளும் அவருடைய மறுவடிவமாகவும் ஒரே படத்தில் இரு குரல்களில் பேசினார். லினாவும் ரெய்யும் கடைசியில் ஒரே பெண்ணுக்குள் சந்தித்துக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு.

இவ்வளவும் ஒரு நட்சத்திரத்தின் கதை. அந்தக் கூரையின் கீழ் நிற்பவர்களின் கதை வேறு. புதிதாக வரும் குரல் நடிகருக்கு அரைமணி நேரத் தொடரின் ஓர் அத்தியாயத்துக்கு 15,000 யென் என்பது தொழிலில் நீண்டகாலமாக நிலவும் அடிமட்டக் கணக்கு. ஒரு வரி பேசினாலும் நூறு வரி பேசினாலும் அதே தொகை. 2022இல் குரல் நடிகர்களின் அமைப்பு ஒன்று நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்டுக்கு 30 லட்சம் யென்னுக்கு மேல் ஈட்டாதவர்கள். அரசு 2023இல் கொண்டுவந்த புதிய விலைப்பட்டியல் வரிமுறை இந்தச் சிறு வருமானத்தின் மீது மேலும் பாரம் ஏற்றும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். பதிவேட்டின் வழியே கலைப்பெயருக்குப் பின்னாலிருக்கும் உண்மைப் பெயர் வெளிப்பட்டுவிடும் என்றும் அஞ்சினார்கள். பின்தொடரும் ரசிகர்களை அறிந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த அச்சம் வெறும் வரிக்கணக்கு அல்ல.

2024 அக்டோபரில் குரல் நடிகர்கள் இன்னொரு போராட்டத்தைத் தொடங்கினார்கள். தங்கள் குரலை அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்றுவித்து, தாங்கள் பேசாததைப் பேசவைக்கும், பாடாததைப் பாடவைக்கும் செயலுக்கு எதிராக இருபத்தாறு பேர் காணொளிகளில் தோன்றிக் குரல் கொடுத்தார்கள். பிரதிகளாக உருவாக்கப்பட்டு, ஒருத்தி போனால் இன்னொருத்தி என்று பயன்படுத்தப்பட்ட ரெய்யை நினைக்காமல் இந்தச் செய்தியை என்னால் படிக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து மூச்சை மட்டும் நீக்கிவிட்டு ஓசையை வைத்துக்கொள்ள முடியும் என்ற கனவு பழையது. இப்போது அதற்குக் கருவி கிடைத்திருக்கிறது.

அதே மாதத்தில் ‘ரன்மா ½’ புதிதாக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது. பெண் ரன்மாவாக மீண்டும் பேசியவர் மெகுமி ஹயாஷிபரா. அவருக்கு வயது ஐம்பத்தேழு. பதினாறு வயது ரன்மா மறுபடியும் தண்ணீரில் விழுந்து, மறுபடியும் திமிராகக் கத்தினாள். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு அந்தக் கத்தலில் இருந்தது.

அனிமே பார்க்கும் மாணவிகள் என் வகுப்புகளில் நிறையப் பேர். ஜப்பானியப் பாத்திரங்களின் பெயர்கள் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அத்தியாயம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலைத் தள்ளிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடாதீர்கள். பாத்திரத்தின் பெயருக்கு எதிரே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் ஓடும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயர். அவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், அவள் குரலை நாளை யார் வைத்திருக்கப்போகிறார்கள் என்ற கேள்விகள் அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்கும்.